கி.பி. 200-ஆம் ஆண்டு ஜெர்மானியக் கேடயம்: முதல்முறை செய்பவர்களுக்கு

பழங்கால உடை, ஆயுதங்களோடு அந்தக் காலத்தை நடித்துக் காட்டும் வரலாற்று மீள்நிகழ்த்தல் குழுக்களில், அதாவது ரீஎனாக்ட்மென்ட் குழுக்களில், புதிதாகச் சேருகிறவர்கள் முதலில் சொந்தமாகச் செய்ய ஆசைப்படுவது கேடயத்தைத்தான். வாளுக்குக் கொல்லர் வேண்டும், உடைக்கு நெசவும் தையலும் தெரிய வேண்டும். கேடயத்துக்குப் பலகையும் பசையும் போதும். ஆனால் முதல் கேடயம் பெரும்பாலும் எப்படி வருகிறது தெரியுமா? ஒரே தடிமனில் வெட்டிய பிளைவுட் வட்டம், தடித்த தோல் விளிம்பு, நடுவில் ஒரு குமிழ் (பிடிக்கும் கையைக் காக்கக் கவிழ்த்த கிண்ணம் போன்ற பகுதி), மேலே டிராகன் ஓவியம். அதைத் தூக்கிக்கொண்டு ரோமானியரை எதிர்த்த ஜெர்மானிய வீரன் என்று நின்றால், பார்வையாளர்களில் விவரம் தெரிந்த ஒருவர் கட்டாயம் கேட்பார்: "நீங்கள் வைக்கிங்கா?"

வைக்கிங் காலம் இதற்கு அறுநூறு ஆண்டுகள் பிந்தியது. எனவே மரக்கடைக்குப் போவதற்கு முன் முடிவு செய்ய வேண்டியது ஒன்று: எந்தக் காலம், எந்தப் பகுதி?

எந்தக் கேடயம்?

"பழைய ஜெர்மானியக் கேடயம்" என்று ஒரே ஒரு கேடயம் இருந்ததில்லை. டென்மார்க்கின் ஆல்ஸ் தீவில், யோர்ட்ஸ்பிரிங் என்ற சதுப்பில், கி.மு. 350 வாக்கில் ஒரு படகோடு சேர்த்துப் போடப்பட்ட கேடயங்கள் 1921-22 அகழாய்வில் கிடைத்தன. அவை வட்டமே அல்ல. மூலைகள் மழுங்கிய நீள்சதுரங்கள். குமிழ்கூட மரம்தான். கி.பி. முதல் நூற்றாண்டுக்கு வந்தால் ரோமானிய எழுத்தாளர் டாசிட்டஸ் நமக்குப் பேச்சுத்துணை. பால்டிக் கடலோரத்து கோத்தோன்கள், ருகியர், லெமோவியர் ஆகியோருக்கு வட்டக் கேடயமும் குட்டை வாளும் அடையாளம் என்று கி.பி. 98-இல் அவர் எழுதினார். வட்டம் சிலருக்கு மட்டும் அடையாளமாக இருந்தது என்றால், மற்றவர்கள் வேறு வடிவங்களும் வைத்திருந்தார்கள் என்றுதானே பொருள்?

நான் புதியவர்களுக்குச் சொல்வது கி.பி. 200-ஐ ஒட்டிய வட்டக் கேடயம். காரணம் எளிது. ஆதாரம் அதற்குத்தான் நிறைய இருக்கிறது. டென்மார்க்கின் ஸ்காண்டர்போர்க் அருகே இல்லெரூப் பள்ளத்தாக்கில், தோற்ற படை ஒன்றின் ஆயுதங்களை வென்றவர்கள் ஏரியில் எறிந்திருக்கிறார்கள். 1950-லிருந்து 1985 வரை இரண்டு கட்டமாக நடந்த அகழாய்வில் சுமார் 15,000 பொருள்கள் கிடைத்தன. கேடயக் குமிழ்களில் மிகப் பெரும்பாலானவை இரும்பு, கொஞ்சம் வெண்கலம், விரல்விட்டு எண்ணக்கூடியவை மட்டும் வெள்ளி. படையில் யார் சிப்பாய், யார் தலைவன் என்று குமிழைப் பார்த்தே ஆய்வாளர்கள் ஊகிக்கிறார்கள். ஜெர்மனியின் வடகோடியில் தோர்ஸ்பெர்க் சதுப்பில் 1858 முதல் 1861 வரை கோன்ராட் எங்கெல்ஹார்ட் தோண்டியபோது மரப்பலகைகளே மீண்டன. இரும்பைத் தின்றுவிட்ட அந்தச் சதுப்பு நீர் மரத்தையும் துணியையும் விட்டுவைத்தது.

ஆகவே இந்தக் கட்டுரையில் நாம் செய்யப்போவது: கி.பி. 200, வட ஜெர்மனி அல்லது டென்மார்க், வசதி குறைந்த காலாட்படை வீரனின் தட்டையான வட்டக் கேடயம். விட்டம் 85 செ.மீ. இரும்புக் குமிழ். வெள்ளி வேலைப்பாடு எதுவும் வேண்டாம். வெள்ளிக் குமிழ் வைத்துக்கொண்டால் அதற்கேற்ற வாள், பெல்ட், குதிரைச் சேணம் எல்லாம் வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் திருடிய கேடயம் போலத் தெரியும்!

வாய்ப்பு இருந்தால் முதலில் அசலைப் போய்ப் பாருங்கள். இல்லெரூப் பொருள்கள் ஆர்ஹுஸ் நகரின் மோஸ்கோர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. தோர்ஸ்பெர்க் பொருள்கள் ஷ்லெஸ்விக் நகரின் கோட்டோர்ஃப் கோட்டையில். கண்ணாடிக்குப் பின்னால் அந்தப் பலகையின் மெலிவைக் கண்ணால் பார்த்துவிட்டால், அப்புறம் தடித்த பிளைவுட் வாங்கக் கை வராது.

இன்னொன்று. குழுவில் சேர்ந்து போர் விளையாட்டு ஆடப்போகிறீர்கள் என்றால், அந்தக் குழுவின் பாதுகாப்பு விதிகளை முதலில் எழுத்தில் வாங்கிவிடுங்கள். விளிம்பு எவ்வளவு மழுங்கலாக இருக்க வேண்டும், உலோக விளிம்பு கூடுமா, கூர்முனைக் குமிழ் கூடுமா, எல்லாமே குழுவுக்குக் குழு மாறும். செய்து முடித்த பிறகு விதியைப் படிப்பதில் பயனில்லை.

எடைக்கணக்கு

அந்தக் காலத்துக் கேடயம் மெலிதானது, இலேசானது, அடிபட்டால் உடைவது. உடைந்தால் வேறு செய்துகொள்வார்கள். கி.பி. 16-இல் வேசர் ஆற்றங்கரையில் போருக்கு முன், ரோமானியத் தளபதி ஜெர்மானிக்கஸ் தன் வீரர்களுக்குத் தைரியம் சொல்வதாக டாசிட்டஸ் ஒரு பேச்சைத் தருகிறார். எதிரிகளின் கேடயங்களில் இரும்பும் இல்லை, தோலும் இல்லை. பின்னிய மிலாறும் சாயம் பூசிய மெல்லிய பலகையும்தான் என்கிறார். எதிரியை மட்டம்தட்டும் பேச்சு, கொஞ்சம் கழித்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் "மெல்லிய பலகை" என்பதைச் சதுப்பில் கிடைத்த மரம் ஆமோதிக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 85 செ.மீ. வட்டத்தின் பரப்பு சுமார் 5,670 சதுர செ.மீ. நடுவில் 10 மி.மீ., விளிம்பில் 5-6 மி.மீ. என்று இழைத்தால் சராசரி 8 மி.மீ. வரும். லிண்டன் மரத்தில் அது சுமார் 2.4 கிலோ. ஓக் மரத்தில் 3.2 கிலோ. எங்கும் 10 மி.மீ. தடிமனுள்ள பிர்ச் பிளைவுட்டில் ஏறக்குறைய 3.9 கிலோ. இவற்றோடு குமிழ், பிடி, ரிவெட், விளிம்புத் தோல் எல்லாம் சேர்ந்து ஒரு கிலோ. ஆக லிண்டன் கேடயம் மூன்றரைக் கிலோவுக்குள் முடியும். பிளைவுட் ஐந்து கிலோவைத் தொடும்.

ஒன்றரைக் கிலோ வித்தியாசம்தானே என்று நினைக்க வேண்டாம். இந்தக் கேடயத்தை முன்கையில் வாரால் கட்டிக்கொள்வதில்லை. நடுவில் ஒற்றைப் பிடி, ஒரு கைமுஷ்டி, அவ்வளவுதான். எடை முழுவதும் மணிக்கட்டில் தொங்கும். கையை நீட்டிக் கேடயத்தை எதிரிக்கு அருகே கொண்டுபோய் அவன் ஆயுதத்தை வழியிலேயே தடுப்பதுதான் ஒற்றைப்பிடிக் கேடயத்தின் வித்தை. கனமான கேடயத்தோடு பத்து நிமிடம் நின்றால் கை தானாக உடம்போடு ஒட்டிக்கொள்ளும். பிறகு அது வெறும் கதவு.

மரம்

லிண்டன், ஆல்டர், பாப்லர் ஆகிய மூன்றில் எது கிடைத்தாலும் சரி. என் முதல் தேர்வு லிண்டன். இலேசு, இழைக்க எளிது, அடிபட்டால் நீளமாகப் பிளந்து போகாமல் அந்த இடத்திலேயே நசுங்கும். ஜெர்மனியில் மரச்சிற்பிகள் நூற்றாண்டுகளாகச் செதுக்குவது இந்த மரத்தில்தான். எனவே நல்ல மரக்கடையில் பலகையாகவே கிடைக்கும். கனடா, அமெரிக்காவில் இருப்பவர்கள் பாஸ்வுட் என்று கேளுங்கள், அதே இனம். இந்தியாவில் லிண்டனைத் தேடி அலைய வேண்டாம். பஞ்சாப், உத்தரப் பிரதேசப் பக்கம் பிளைவுட் ஆலைகளுக்காக வளர்க்கும் பாப்லர் பலகையாகக் கிடைத்தால் அது போதும். தேக்கு வேண்டாம்: கனம், விலை, எண்ணெய்ப் பசை காரணமாக ஒட்டுவதும் சிரமம்.

பலகை நன்றாகக் காய்ந்ததாக இருக்க வேண்டும். வாங்கி வந்ததும் வேலையைத் தொடங்காமல், வேலை செய்யப்போகும் அறையிலேயே இரண்டு மூன்று வாரம் இடையில் குச்சி வைத்து அடுக்கிவிடுங்கள். வளைகிற பலகை அதற்குள் வளைந்து காட்டிவிடும். முடிச்சு இல்லாத, மர ரேகை நேராக ஓடுகிற பலகைகளாகப் பொறுக்குங்கள். 14-15 மி.மீ. தடிமன், 12 முதல் 18 செ.மீ. அகலம், 90 செ.மீ. நீளம், ஐந்தாறு பலகை போதும். எல்லாம் ஒரே அகலத்தில் இருக்க வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் கோடாரியால் பிளந்து எடுத்த பலகை எந்த அகலத்தில் வந்ததோ அதையே பயன்படுத்தினார்கள். சம அகலப் பலகைகள்தான் பார்க்கத் தொழிற்சாலைச் சரக்காகத் தெரியும்.

ஒட்டுவது

பலகைகளைப் பக்கத்தோடு பக்கம் முட்டி ஒட்டுகிறோம். காடி வெட்டுவதோ முளை அடிப்பதோ கிடையாது. ஆகவே கேடயத்தின் பலம் முழுவதும் இந்த இணைப்புகளில்தான் இருக்கிறது. நேரத்தை இங்கே செலவிடுங்கள்.

ஒட்டப்போகும் இரண்டு பலகைகளைப் புத்தகம் மூடுவது போல முகத்தோடு முகம் சேர்த்துப் பட்டறை இடுக்கியில் நிறுத்தி, இரண்டு ஓரங்களையும் ஒன்றாக இழைப்புளியால் இழையுங்கள். இழைப்புளி ஒரு பக்கம் சாய்ந்தாலும் பரவாயில்லை. பலகைகளைத் திறந்து சேர்க்கும்போது ஒன்றின் சாய்வை மற்றொன்றின் சாய்வு ஈடுகட்டிவிடும். பிறகு ஒன்றின் மேல் ஒன்றை நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். கீற்று வெளிச்சம் தெரிந்தால் மறுபடி இழைக்க வேண்டும். பசை இடைவெளியை நிரப்பிக்கொள்ளும் என்று விட்டுவிட்டால், முதல் மழையில் அந்த இடம்தான் திறக்கும்.

அடுக்கும்போது ஒவ்வொரு பலகையின் முனையிலும் தெரியும் ஆண்டு வளையங்களைப் பாருங்கள். ஒன்றில் வளைவு மேல்நோக்கி இருந்தால் அடுத்ததில் கீழ்நோக்கி வையுங்கள். கேடயம் முழுவதும் ஒரே பக்கம் கிண்ணமாக வளைவதை இது தடுக்கும்.

பசைக்கு மூன்று வழி. முதலாவது, நம் தச்சர்களும் ஒரு காலத்தில் பயன்படுத்திய வச்சிரம், அதாவது விலங்குத் தோலைக் காய்ச்சி எடுத்த பசை. குளிர்ந்த தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, இன்னொரு பாத்திரத்துச் சுடுதண்ணீருக்குள் வைத்து 60 டிகிரி செல்சியஸ் அளவில் உருக்க வேண்டும். கொதித்தால் பிடிப்புப் போய்விடும். சூட்டோடு பூசி உடனே இறுக்க வேண்டும். பலகையையும் லேசாகச் சூடாக்கிக்கொண்டால் அவகாசம் கிடைக்கும். நல்ல பசைதான், ஆனால் ஈரம் ஆகாது.

இரண்டாவது, பால் பசை. வட ஐரோப்பாவில் கோடை விழாவிலும் மழை வரும் என்பதால் எனக்கு இதுதான் பிடித்தது. கொழுப்பு நீக்கிய குவார்க் என்ற தயிர்க்கட்டி ஜெர்மனியில் எந்தக் கடையிலும் கிடைக்கும். அது ஐந்து பங்கு, நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு. கலக்கிக்கொண்டே இருந்தால் கட்டியாக இருந்த குவார்க் சில நிமிடத்தில் இளகி, பளபளப்பான கூழாகும். அன்றைக்கே பயன்படுத்திவிட வேண்டும். காய்ந்தால் வச்சிரத்தைவிட ஈரத்தை நன்றாகத் தாங்கும். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, எனவே பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் தொட வேண்டாம்.

மூன்றாவது, கடையில் வாங்கும் தண்ணீர் தாங்கும் மரப்பசை. காய்ந்தபின் வெளியே தெரியாது. முதல் கேடயத்துக்கு இதைப் பயன்படுத்தினால் யாரும் உங்களைக் குழுவிலிருந்து நீக்கப்போவதில்லை. "எல்லாமே அந்தக் காலத்து முறை" என்று பார்வையாளரிடம் சொல்லாமல் இருந்தால் சரி.

பசை பூசி, சட்ட கிளாம்பால் குறுக்கே இறுக்குங்கள். கிளாம்ப் இல்லையென்றால் தரையில் இரண்டு மரச்சட்டங்களை ஆணியடித்து நிறுத்தி, நடுவே பலகைகளை வைத்து, ஓரத்தில் ஆப்பு அடித்து இறுக்கலாம். இறுக்கும்போது பலகைகள் மேலே எழும்பப் பார்க்கும். மேலே கனமாக எதையாவது வையுங்கள். பசை ஒட்டிக்கொள்ளாமல் இடையில் காகிதம். ஒரு நாள் முழுக்கத் தொடாதீர்கள்.

வட்டமும் மெலிவும்

நடுவில் ஆணி, 42.5 செ.மீ. நீளக் கயிறு, பென்சில்: வட்டம் தயார். ஜிக்சாவாலோ மெல்லிய கைரம்பத்தாலோ வெட்டுங்கள். கோட்டுக்கு வெளியே ஒரு மி.மீ. விட்டு வெட்டி, பிறகு அரத்தால் தேய்த்துச் சரிசெய்வது நல்லது.

இப்போது இழைப்பு. முன்பக்கத்தைச் சமமாக, பளிச்சென்று இழைத்துவிடுங்கள். மெலிவை முழுக்கப் பின்பக்கத்தில்தான் எடுக்கப் போகிறோம். முதலில் பின்பக்கம் முழுவதையும் மொத்தத் தடிமன் 10 மி.மீ. ஆகும் வரை இழையுங்கள். அடுத்து நடுப்புள்ளியிலிருந்து 15 செ.மீ. ஆரத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போடுங்கள். அந்த வட்டத்துக்குள் 10 மி.மீ. அப்படியே இருக்கட்டும்; குமிழும் பிடியும் உட்காரப்போகும் இடம் அது. அதற்கு வெளியே போகப்போகச் சரிந்து, விளிம்பில் 6 மி.மீ.க்கு வர வேண்டும். விளிம்பின் பக்கவாட்டில் 6 மி.மீ. கோடு ஒன்று சுற்றிலும் போட்டுக்கொண்டால் எங்கே நிறுத்துவது என்று தெரியும்.

ரேகையோடு இழைப்பதுதான் எளிது. ஆனால் வட்டம் என்பதால் ஒரு கட்டத்தில் ரேகைக்குக் குறுக்கே போயே ஆக வேண்டும். அங்கே இழைப்புளியின் அலகை மிகக் குறைவாக நீட்டி, சாய்வாகப் பிடித்து இழையுங்கள். உப்புத்தாள் போட்டு மழமழவென்று ஆக்க வேண்டாம். பின்பக்கத்தில் இழைப்புளித் தடம் லேசாகத் தெரிவதுதான் அழகு, அதுதான் கையால் செய்ததன் கையெழுத்தும். குமிழுக்குப் பின்னால் கை நுழையும் துளையைக் கடைசியில் வெட்டுங்கள். 10-11 செ.மீ. விட்டம் பெரும்பாலான கைகளுக்குப் போதும். கையுறை போட்டு ஆடப்போகிறீர்கள் என்றால் கையுறையோடு அளந்து வெட்டுங்கள்.

குமிழும் பிடியும்

குமிழை முதல் தடவையே நீங்கள் அடிக்க வேண்டியதில்லை. இந்தக் காலத்துப் பொருள்களைச் செய்கிற கொல்லர்களிடம் வாங்கலாம். வாங்கும்போது கவனிக்க வேண்டியது வடிவம். முதல் நூற்றாண்டிலும் இரண்டாம் நூற்றாண்டிலும் ஜெர்மானியக் குமிழ்கள் பல கூம்பு வடிவம். சிலவற்றின் உச்சியில் ஒரு முள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். இன்றைய போலந்துப் பகுதியின் பிஷெவோர்ஸ்க் பண்பாட்டுக் கல்லறைகளில் இவை நிறையக் கிடைக்கின்றன. இறந்தவரோடு வைப்பதற்கு முன் வேண்டுமென்றே வளைத்து நசுக்கிய ஆயுதங்களும் உடன் இருக்கும். பிற்காலத்தில் அரைக்கோள வடிவம் பரவலாகிறது. போர் விளையாட்டுக்கு முள் வைத்த குமிழை எந்தக் குழுவும் எளிதில் அனுமதிக்காது. முனை மழுங்கிய தாழ்வான கூம்பு அல்லது அரைக்கோளம் கேளுங்கள். தகடு ஒன்றரை முதல் இரண்டு மி.மீ. தடிமன், சுற்றிலும் தட்டையான விளிம்பு, மொத்த விட்டம் 16-18 செ.மீ. இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் குமிழ்களில் பெரும்பாலானவை வைக்கிங் வகை. அகழாய்வு வரைபடத்தோடு ஒப்பிடாமல் பணம் கட்ட வேண்டாம்.

பிடிக்கு ஆஷ் மரம் நல்லது. கையில் பிடிக்கும் இடம் முட்டை வடிவக் குறுக்குவெட்டில், ஏறத்தாழ மூன்று செ.மீ. தடிமனில் இருக்கட்டும். முழு உருளையாகச் செய்தால் கைக்குள் சுழலும். இரண்டு முனைகளும் தட்டையாகி, துளையைத் தாண்டிப் பலகை மேல் இருபுறமும் எட்டுப் பத்து செ.மீ. படிய வேண்டும். பலகை இணைப்புகளுக்குக் குறுக்காக வையுங்கள், நடுப்பலகைகளை அது சேர்த்துக் கட்டும். மரப்பிடியின் மேல் இரும்புத் தகடு ஒன்றை வளைத்துப் பொருத்துவது அந்தக் காலத்து வழக்கம். அகழாய்வுகளில் மரம் மக்கிப்போய் இந்தத் தகடு மட்டும் குமிழோடு கிடைப்பது சாதாரணம்.

ரிவெட் அடிப்பதற்கு முன், குமிழை முன்பக்கமும் பிடியைப் பின்பக்கமும் கிளாம்பால் தற்காலிகமாகப் பிடித்துக்கொண்டு கையை உள்ளே விட்டுப் பாருங்கள். முஷ்டியின் கணுக்கள் குமிழின் உட்சுவரில் படக் கூடாது. குமிழில் விழும் ஒவ்வொரு அடியும் விரலுக்குப் போய்விடும். இடம் போதவில்லையென்றால் பிடியைப் பின்னுக்குத் தள்ள முனைகளுக்கு அடியில் மெல்லிய மரத்துண்டு வைக்கலாம். கூட உள்ளே கொஞ்சம் கம்பளித் துணி ஒட்டுவதும் உண்டு. அது அந்தக் காலத்து வழக்கமா என்று கேட்காதீர்கள், விரல் நம்முடையது.

ரிவெட்டுக்கு மிருதுவான இரும்பு ஆணியே போதும். முதலில் மரத்தில் ஆணியின் அளவுக்கே துளையிடுங்கள், துளையில்லாமல் அடித்தால் மெல்லிய பலகை பிளக்கும். தலை முன்பக்கம். அதைக் கனமான இரும்புக் கட்டையின் மேல் தாங்கவைத்து, பின்பக்கம் வாஷர் மாட்டி, ஆணியை இரண்டு மூன்று மி.மீ. விட்டு வெட்டி, சிறிய சுத்தியலால் ஓரத்திலிருந்து சுற்றிச்சுற்றித் தட்டித் தலையாக்குங்கள். சின்னச் சின்ன அடியாக, நிறைய. ஓங்கி ஒரே அடியாக அடித்தால் ஆணி உள்ளேயே வளையும். கடைசியில் அரத்தால் தேய்த்துக் கையைக் கிழிக்காதபடி மழுங்கச் செய்யுங்கள்.

விளிம்பு

தோர்ஸ்பெர்க்கிலும், டென்மார்க்கின் விமோசே என்ற சதுப்பிலும் விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் வெண்கலத் தகடுகள் கிடைத்திருக்கின்றன. பார்க்க அருமையாக இருக்கும். அடிபட்டால் அந்தத் தகடு கத்திபோலச் சுருண்டு நிற்கும் என்பதால் விளையாட்டுக்கு ஆகாது. நம் கேடயத்துக்குப் பதனிடாத பச்சைத் தோல்.

சுற்றளவு 267 செ.மீ. ஐந்து செ.மீ. அகலத் தோல் பட்டை வேண்டும், துண்டு துண்டாக இருந்தாலும் சேர்த்துக்கொள்ளலாம். பறைக்கும் மேளத்துக்கும் தோல் விற்பவர்களிடம் கிடைக்கும் மாட்டுத் தோல் சரியாக இருக்கும். ஐரோப்பாவில் பலர் செய்யும் தந்திரம் ஒன்று உண்டு: நாய் கடிப்பதற்காக விற்கும் பெரிய தோல் எலும்பை வாங்கி, தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தால் நல்ல பட்டை கிடைக்கும். நாய் வைத்திருப்பவர்கள் வேலையை மூடிய அறையில் செய்யவும்.

விளிம்பிலிருந்து ஒரு செ.மீ. உள்ளே தள்ளி, மூன்று செ.மீ. இடைவெளியில் சுற்றிலும் மூன்று மி.மீ. துளைகள் போடுங்கள். தோலை ஒரு நாள் ஊறவைத்து, விளிம்பின் மேல் மடித்து, தேன்மெழுகு தேய்த்த தடித்த லினன் நூலால் தைத்துக்கொண்டே போங்கள். ஈரத் தோல் இழுபடும், எனவே கையால் இழுத்துப் பிடித்துத் தையுங்கள். ஆனால் முழுபலத்தோடு வேண்டாம், காயும்போது அதுவே சுருங்கி இறுக்கும். நிழலில் காயவையுங்கள். வெயிலில் வைத்தால் தோல் ஒரு பக்கம் சீக்கிரம் காய்ந்து மெல்லிய பலகையையே முறுக்கிவிடும். இரண்டு பக்கமும் கனமான பலகை வைத்து அழுத்திவைப்பது இன்னும் பத்திரம்.

நிறம்

ஜெர்மானியர்கள் கேடயத்தைத் தேர்ந்தெடுத்த நிறங்களால் அலங்கரித்தார்கள் என்கிறார் டாசிட்டஸ். ஹாரியர் என்ற இனத்தார் கேடயத்துக்கும் உடம்புக்கும் கறுப்புப் பூசிக்கொண்டு இருட்டில் போருக்குப் போவார்களாம். இல்லெரூப் பலகைகளில் சிவப்புச் சாயத்தின் தடம் இருக்கிறது. எனவே வெறும் மரமாக விட வேண்டாம். சிவப்பு, கறுப்பு, வெள்ளை, மஞ்சள் ஆகியவற்றில் ஒன்றோ இரண்டோ போதும்.

சாயத்துக்கு மேலே சொன்ன பால் பசையையே தண்ணீர் விட்டு இளக்கி, செங்காவிப் பொடியையோ மஞ்சள் காவியையோ மரக்கரித் தூளையோ கலக்கிக்கொள்ளுங்கள். மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று தடவை. பழங்காலச் சிவப்புகளான இங்குலிகமும் செந்தூரமும் எக்காரணம் கொண்டும் வேண்டாம். ஒன்று பாதரசம், மற்றது ஈயம். காவியின் சிவப்பு தூரத்திலிருந்து பார்க்க அவற்றுக்குக் குறைந்ததில்லை. நன்றாகக் காய்ந்த பிறகு ஆளிவிதை எண்ணெய் ஒரு பூச்சு கொடுத்தால் மழைத்துளி உருண்டோடும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும், பட்டறைகளில் உண்மையில் நடக்கிற விபத்து இது. தண்ணீரில் நனைத்து, வெளியே விரித்துப்போடுங்கள்.

ஓவியம் என்று வரும்போதுதான் பலரும் காலம் தவறுகிறார்கள். கி.பி. 400-ஐ ஒட்டிய ரோமானிய அதிகாரிகள் பட்டியல் ஒன்றில் படைப்பிரிவுகளின் கேடயச் சின்னங்கள் வண்ணத்தில் வரையப்பட்டிருக்கின்றன. அழகாக இருக்கின்றன என்பதற்காக அவற்றைக் கி.பி. 200 ஜெர்மானியன் கேடயத்தில் போடக் கூடாது. இருநூறு ஆண்டு வித்தியாசம், அதோடு அது ரோமானியப் படை. பாதி ஒரு நிறம், பாதி இன்னொரு நிறம் என்றோ, விளிம்பைச் சுற்றி ஒரு பட்டை என்றோ எளிமையாக நிறுத்திக்கொள்வது என் யோசனை.

பழைய ஜெர்மானியர்களின் எழுத்தான ரூன் எழுத்து வேண்டுமென்றால் ஆதாரம் உண்டு. இல்லெரூப் கேடயப் பிடித் தகடுகளில் ரூன் எழுத்தில் பெயர்கள் பொறித்திருக்கிறார்கள். ஒன்றில் "நிதியோ செய்தான்" என்று இருக்கிறது. தோர்ஸ்பெர்க் குமிழ் ஒன்றிலும் எழுத்து உண்டு. இவை 24 எழுத்துள்ள பழைய வரிசை. வைக்கிங் காலத்து 16 எழுத்து வரிசையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். சின்னதாக, பின்பக்கத் தகட்டில் உங்கள் பெயரைப் பொறியுங்கள். முன்பக்கம் பெரிதாக எழுதுவது நம் காலத்து ஆசை.

இதில் நம்மவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ஸ்வஸ்திகா அந்தக் காலத்து ஜெர்மானியப் பொருள்களில் உண்மையிலேயே வருகிறது. நமக்கோ அது கோலத்திலும் கணக்குப் புத்தகத்திலும் பார்த்த மங்கலச் சின்னம். ஆனாலும் ஜெர்மனியில் அதை வரைந்த கேடயத்தோடு பொதுவெளிக்குப் போகாதீர்கள். நாஜி அமைப்புகளின் சின்னங்களைப் பொதுவில் காட்டுவது அங்கே குற்றவியல் சட்டத்தின் 86அ பிரிவின்படி தண்டனைக்குரியது. கல்விக்கும் கலைக்கும் விலக்கு உண்டு என்றாலும், அதைக் காவலரிடம் விளக்கிக்கொண்டு நிற்கிற நிலை வேண்டாம். நாஜிகள் எடுத்துக்கொண்ட சில தனி ரூன்களுக்கும் இதே எச்சரிக்கை. பழங்கால ஜெர்மானியர் என்ற போர்வையில் இனவெறிக் கும்பல்கள் வந்து ஒட்டிக்கொள்ளப் பார்க்கும் துறை இது. நல்ல குழுக்கள் இதில் கறாராக இருப்பார்கள், இருக்கவும் வேண்டும்.

களத்துக்குப் போகும் முன்

கேடயத்தைப் பிடித்துக் கையை முன்னே நீட்டி நில்லுங்கள். ஒரு பக்கம் சாய்ந்து சுழலப் பார்த்தால் கனமான பக்கத்தின் பின்புறத்தை இன்னும் கொஞ்சம் இழைக்கலாம். பிறகு ஒரு நண்பரை மழுங்கிய ஈட்டிக்கம்பால் மெதுவாகக் குமிழிலும், குமிழைச் சுற்றியும், விளிம்பிலும் தட்டச் சொல்லுங்கள். சத்தத்தைக் கேளுங்கள். ஒட்டு நன்றாகப் பிடித்த கேடயம் கணீரென்று சொல்லும். எங்காவது கரகரவென்றால் அங்கே ஒட்டு விட்டிருக்கிறது.

ஒவ்வொரு நிகழ்ச்சிக்குப் பிறகும் ரிவெட்டுகளைத் தொட்டுப் பாருங்கள், ஆடினால் இரண்டு தட்டு. குமிழின் துருவைத் துடைத்து எண்ணெய் தடவுங்கள். நனைந்த கேடயத்தைக் கூடார நெருப்பருகே சாய்த்து வைக்காமல், காற்றோட்டமான இடத்தில் தட்டையாகத் தொங்கவிடுங்கள். காரின் பின்பெட்டியில் கோடை வெயிலில் பூட்டிவைப்பதும் நெருப்பருகே வைப்பதும் ஒன்றுதான்.

தொடர்ந்து ஆடுகிற ஒருவருக்குச் சில பருவங்களில் பலகை தேய்ந்து போகும். அப்போது ரிவெட்டுகளின் பின்தலையை அரத்தால் தேய்த்துத் தட்டி வெளியே எடுத்தால், குமிழும் பிடித் தகடும் சேதமில்லாமல் கழன்று வரும். அவற்றை அடுத்த பலகையில் மறுபடி மாட்டலாம். முதல் பலகைக்கு மரம் வாங்கும்போதே இன்னொன்றுக்கும் சேர்த்து வாங்கிக் காயப்போட்டுவிடுங்கள்.